மாதிரி எண் 417

பத்து கிராம் தேன். இருபது மில்லி இளஞ்சூட்டு நீர்.
சுழற்றியில் பத்து நிமிடம் வைத்தால்
இனிப்பு மேலே நிற்கும்,
ஊர் அடியில் படியும்.

என் வேலை அந்த ஊரைப் படிப்பது.

லின்டன் மகரந்தம்
மூன்று ஓட்டை வைத்த சட்டைப் பொத்தான்.
செஸ்ட்நட் பொடிசு, நொய்யரிசி.
டேன்டெலியன் முள்ளுப் பந்து.
ஒருமுறை இவற்றுக்கு நடுவே
நெளிந்த விளிம்போடு ஏதோ ஒன்று.
இரண்டு நாள் ஏடுகளைப் புரட்டியும் பெயர் கிடைக்கவில்லை.
'தெரியாதது: 1' என்று எழுதிவைத்தேன்.
யார் வீட்டுத் தொட்டிச் செடியோ.
தேனீ வேலி பார்ப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை வந்தது 417.
பளிச்சென்ற பொன்.
பாட்டிலுக்குப் பின்னால் செய்தித்தாளை வைத்துப் படிக்கலாம்.
தகட்டில் ஒன்றுமில்லை.
குவியத்தைத் திருகினேன்,
இன்னொரு தகடு போட்டேன்,
பனி மூடிய வயல்,
அதில் ஒரு காக்கைகூட இறங்கவில்லை.

எழுபது டிகிரியில் காய்ச்சி
மயிரிழையினும் மெல்லிய சல்லடையில்
அழுத்திப் பிழிந்தால்
தேனுக்குப் பிறந்த ஊர் மறந்துபோகும்.
கேட்டால் இனிப்பாகச் சிரிக்கும்.
அவ்வளவுதான்.

நொதியையும் சோதித்தோம். செத்திருந்தது.

அறிக்கையில் கையெழுத்துப் போட்ட பிறகுதான்
எண்ணுக்குரிய பெயரைக் காட்டுவார்கள்.
பிளெட் ஏரிக்கரை, பச்சைக் கூடாரம் போட்ட கடை.
நெஷ்கா.
எனக்கு அடுத்துப் பிறந்தவள்.

ஞாயிறன்று போனேன்.
காபி வைத்தாள், ரொட்டி வைத்தாள்,
நடுவில் ஒரு ஜாடி:
வெளுத்து, கெட்டித்து, கரண்டி நட்டால் நிற்கிற தேன்.
மேலே மெழுகுத் துணுக்கு, ஒரு ஒற்றைச் சிறகு.

"மூன்று வருஷம் இதைத்தான் விற்றேன்" என்றாள்.
"மார்ச் மாதம் ஒரு வியன்னாக்காரி திருப்பிக் கொண்டுவந்தாள்.
சர்க்கரை கலந்துவிட்டேனாம்.
பாட்டிலை என் மேசைமேல் கவிழ்த்துக் காட்டினாள்,
விழவில்லை.
உறைந்த தேன் விழுமா?
அவளுக்குப் பின்னால் பதினெட்டுப் பாட்டில்.
கோப்பர் துறைமுகத்தில் இறங்கிய நீல டிரம்மிலிருந்து
ஊற்றி விற்றேன்.
ஒருத்தர் திரும்பி வரவில்லை."

தேனெடுத்தவள் புறங்கையை நக்கலாம்,
அதில் தப்பில்லை.
இவள் பானையை வீட்டில் வைத்துக்கொண்டு
ஊருக்குப் புறங்கையை நீட்டியிருக்கிறாள்.
சொல்ல நினைத்தேன்.
வாயில் ரொட்டி இருந்தது.
ஈர மணலாய் நறநறத்து,
முதலில் இனித்து,
செஸ்ட்நட்டின் கசப்பு மெதுவாக வந்து
தொண்டையைக் கீறியது.

"அபராதம் எவ்வளவு வரும்?"
"தெரியாது. அனுப்பியாகிவிட்டது."

அவள் என்னைப் பார்க்கவில்லை.
ஜன்னலோரம் தகரத் தொட்டியில்
ஊதாப் பூ ஒன்றுக்குத் தண்ணீர் ஊற்றினாள்,
தேவைக்கு அதிகமாக.
தட்டு வழிந்து தரையெல்லாம் நனைந்தது.

கிளம்பும்போது கத்தியில் ஒட்டியிருந்ததைக்
காகிதத்தில் வழித்து எடுத்துக்கொண்டேன்.

திங்கள் காலை, எண் போடாத தகடு.
பொத்தான்கள், நொய், முள்ளுப் பந்து,
கொஞ்சம் புகைக்கரி,
ஒரு சண்டைக்கார ஜூன் மாதத்தின் கூட்டம் முழுவதும்.
ஓரத்தில், நெளிந்த விளிம்போடு,
அந்தத் தெரியாதது.

பூவின் பெயரைக் கேட்க வேண்டும்.
நெஷ்கா போனை எடுப்பதில்லை.