வட்டத்தின் அளவு

ஐந்து ரோடு எலக்ட்ரிக்கல் கடையில் பில் போடுகிறவள் நான்.
அட்டைப்பெட்டி நசுங்கிய பல்புகளைப்
பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார் முதலாளி.
நாலு எடுத்தேன்.
கோரிமேட்டு வாடகை வீட்டுக்கு
அறிவு வந்தது அப்படித்தான்.

முதல் வாரம் முழுக்கச் சண்டை.
சுவர் ஸ்விட்சை அணைத்தால் பல்பு மயங்கிவிடும்,
செல்போனிலிருந்து எத்தனை தட்டினாலும் எழாது.
நாற்பது வயதுக் கை சும்மா இருக்குமா?
அறையை விட்டு வெளியேறும்போதெல்லாம்
டக்கென்று அணைத்துவிட்டுப் போனார் தனவேல்.
கடைசியில் ஒவ்வொரு ஸ்விட்சின் மேலும்
காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி ஒட்டினேன்.
வீடே எங்கோ விழுந்து எழுந்து வந்த மாதிரி இருந்தது.

பிறகு பழகியது.
மாவுக் கையோடு நின்று
"சமையலறை விளக்கைப் போடு" என்றால் போடுகிறது.
(நம் ஊர்ப் பேச்சு அதற்குப் புரிவதில்லை,
செய்தி வாசிக்கிறவள் போலச் சொல்லவேண்டும்.)
யாழினி படிக்கும் மேசைக்குப் பளீர் வெள்ளை,
பத்தரைக்கு அதுவே மஞ்சளாகக் கனியும்,
பதினொன்றுக்கு மங்கும்.
"போய்ப் படு" என்று நான் கத்துவதில்லை.
இப்போது அவள் முறைப்பது பல்பை.

மலையடிவாரத்து வீடு, மழைக்குத் தேள் வரும்.
ராத்திரி எழுந்து காலைக் கீழே வைத்தால்
கால் வைக்குமளவுக்கு மட்டும் தரையில் வெளிச்சம்.
இந்த ஒன்றுக்காகவே
கொடுத்த காசு தகும் என்பேன்.

கரண்ட் போய் வந்தால்தான் வம்பு.
சொல்லிவைத்ததெல்லாம் மறந்து
மூன்று மணிக்கு நாலு பல்பும் முழு வெள்ளையில் விழிக்கும்.
கல்யாண மண்டபத்தில் தூங்கினவர்கள் போல எழுந்து
மூவரும் முகத்தை முகம் பார்த்துக்கொள்வோம்.

வாசல் விளக்குக்கும் ஒரு வேலை கொடுத்தேன்.
ஏற்காட்டில் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறார் இவர்,
இரவில் பைக்கில் இறங்குவார், இருபது வளைவு.
மொட்டைமாடியில் நின்றால்
மலையில் ஒற்றை வெளிச்சங்கள்
மடங்கி மடங்கி வருவது தெரியும்.
எது இவர் என்று தெரியாது.
இவர் செல்போன் அடிவாரத்தைத் தொட்டதும்
விளக்கு தானாக எரியும்படி
வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டேன்.
எரிந்ததும் தோசைக்கல் ஏற்றலாம்.
அங்கிருந்து வீட்டுக்குப் பத்து நிமிடம்.

கல் காய்ந்தது. அடுப்பை அணைத்தேன்.
மறுநாளும் காய்ந்தது.
விளக்கெரிந்து நாற்பது நிமிடம் கழித்துத்தான்
வண்டிச் சத்தம்.

"மேலே ஒரே பனி" என்றார்.
மேலே பனிதான், பொய் இல்லை.
பனி பாதி மலைக்குக் கீழே இறங்காது,
அவ்வளவே.

ஒரு செவ்வாய்க்கிழமை,
தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்கப் போனவள்
வழி தாண்டி ஸ்கூட்டியை அடிவாரத்துக்கு விட்டேன்.
செக்போஸ்ட்டுக்கு எதிரில், சுவர்க்கட்டையில்
இருந்தார்.
மடியில் ஹெல்மெட். பக்கத்தில் காலி டீ கிளாஸ்.
செல்போன் சட்டைப்பையில், கூட யாரும் இல்லை.
மலையிறங்கிய லாரிகள்
சூடேறிய பிரேக் வாசனையோடு
அவரைக் கடந்து போயின.
சும்மா இருந்தார்.
அப்படிச் சும்மா இருந்து
நான் அவரைப் பார்த்ததே இல்லை.

வண்டியைத் திருப்பினேன்.
ஜாக்கெட்டை மறந்தே போனேன்.

அன்றிரவு வரைபடத்தைத் திறந்து
இரண்டு விரலால் வட்டத்தைச் சுருக்கினேன்.
அடிவாரம் வெளியே போனது,
டீக்கடை போனது, சுவர்க்கட்டை போனது.
தெருமுனை ரேஷன் கடையில் வந்து நின்று
இதற்குமேல் குறையாது என்றது.

இப்போது வண்டிச் சத்தமும் விளக்கும்
ஒன்றாகத்தான் வருகின்றன.
ஹெல்மெட்டைக் கழற்றியபடி
அண்ணாந்து பார்த்தார் நேற்று.
"முன்னெல்லாம் நான் வர்றதுக்குள்ள எரிஞ்சிருக்குமே.
ரிப்பேரா?"

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.
"கல்லு இன்னும் காயலை.
செத்த நேரம் உக்காருங்க."