பத்து ரூபாய் நாணயம்

ஆயர் ஈத்தாமில் பதினொரு மணி மழை.
காசு போட்டால் துவைக்கும் கடையில்
பன்னிரண்டு நாள் இந்தியா
ஒரே எந்திரத்தில் சுழல்கிறது.
ஐந்து வெள்ளி. சுடுநீர் வேண்டுமென்றால் இன்னும் ஒன்று.

உதறும்போதே விழுந்தவை:
மூன்று மடிப்பில் ஒரு திருநீற்றுப் பொட்டலம்,
ரயிலில் தின்ற வேர்க்கடலைத் தோல்,
கும்பகோணம் விடுதியின் ரசீது,
ஒரு பயணச்சீட்டு.
அதில் நான் ஆண். வயது அறுபத்திரண்டு.
பரிசோதகர் என்னையும் அதையும் பார்த்துவிட்டுக்
கிழித்துத் தராமல் போனார். நல்ல மனிதர்.

கண்ணாடிக்குள் முகம் காட்டி முகம் மறைக்கும்
இந்தப் பச்சைச் சுடிதாரில்தான்
விடுதி மேசைக்கு முன் நின்றேன்.
"ஒத்தப் பொம்பளைக்கு ரூம் தர்றதில்லீங்க"
என்றார், என்னிடம் அல்ல, சாவிகளிடம்.
இருபத்து நான்கு கொக்கியில்
பத்தொன்பது சாவி தொங்கியது.
பிறையில் ஒரு தொழிற்சாலைக்குக் கணக்கெழுதுகிறேன்,
எண்ணாமல் இருக்க எனக்கு வராது.
கடப்பிதழை எடுத்து வைத்தேன்.
சிவப்பு அட்டை, பொன்னிறத்தில் இரண்டு புலி.
"ஓ, ஃபாரினா!" எழுந்தே நின்றுவிட்டார்.
அதே பொம்பளை.
அதே ஒத்தை.

அறை இருநூற்றாறு. வாளியில் வெந்நீர் வரும், கேட்டால்.
ஜன்னலைத் திறந்தால் ஒரு கோபுரத்தின் முதுகு.
அதில் நின்ற துவாரபாலகருக்கு
முன்பக்கம் நீலம், மீசை, பல்.
பின்பக்கம் வெறும் சுதை.
தாராசுரம் போனேன், தஞ்சாவூர் போனேன்,
கழுத்து வலிக்க அண்ணாந்தேன்.
ஆனால் அதிக நேரம் பார்த்தது
வண்ணம் எட்டாத அந்த முதுகைத்தான்.

காலையில் இறங்கி வந்து
"பசியாற என்ன இருக்கு?" என்றேன்.
இலையோடு நின்றுவிட்டான் பரிமாறும் பையன்.
"பசியாறவா... டிஃபன் கேக்குறீங்களாக்கா?"
உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும்,
அடுப்பங்கரையிலிருந்து மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன.
இட்லிக்குக் கடப்பா என்றொரு குழம்பு வந்தது.
பெயரைக் கேட்டு ஏதோ ஊர் என்று நினைத்தேன்.
பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும்,
அடியில் எங்கோ ஒரு சோம்பு.
காப்பி ஆற்றும் டவராவைக்
கரண்டி வைக்கும் தட்டாக்கினேன்.
அதையும் பார்த்தார்கள், சிரித்தார்கள், இன்னொரு காப்பி தந்தார்கள்.
மூன்றாம் நாள் வயிறு என்னைக் கைவிட்டது.
அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

பக்கத்து எந்திரத்தில்
நாசி கண்டார் கடையின் ஏழு மேலங்கிகள்,
மஞ்சள் போகாதவை.
போட்டவர் முத்துக்கருப்பன். அறந்தாங்கிக்குத் தெற்கே.
"நாலு வருசமாச்சுக்கா."
என் ரசீதை எடுத்து முழுதும் படித்தார்,
வரி எண் உட்பட.
கோபுரம் பற்றிக் கேட்கவில்லை.
"ராத்திரி கரண்டு போச்சா?"
போனது, இரண்டு தடவை.
"மழ?"
ஒரு நாள், தூறல்.
"தக்காளி என்ன வெலக்கா விக்குது?"
தெரியவில்லை.
பன்னிரண்டு நாளில்
ஒரு தக்காளிக்கும் விலை கேட்கவில்லை நான்.
பரவாயில்லை என்பதுபோல் தலையாட்டி
ரசீதை மடிப்பு மாறாமல் திருப்பித் தந்தார்.

சுழற்சி நின்றது. துணியை அள்ளும்போது
தகரத்தில் ஏதோ தட்டியது.
நடுவில் வெள்ளை, சுற்றி மஞ்சள்,
இந்நேரம் பளபளவென்று
ஒரு பத்து ரூபாய்.
இதை வாங்கவே மாட்டேனென்று
மூன்று கடைக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள் என்றேன்.
"எங்க பக்கமும் அப்படித்தான்.
செல்லும்க்கா. ஆனா வாங்க மாட்டாங்க."

சட்டையில் துடைத்து
உலர்த்தும் எந்திரத்தின் துவாரத்தில் அவரே போட்டார்.
எந்திரம் கொஞ்சம் யோசித்தது.
சிவப்பு விளக்கு.
கீழே தட்டில் வந்து விழுந்தது நாணயம்.
எடுத்தார்,
திருப்பிப் பிடித்தார், சிங்கம் மேலே வருமாறு,
இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார்.