நாலு டிகிரி

ஆரல்வாய்மொழிக் கணவாயில்
ஆடிக் காற்று திறந்துகொண்ட வாரம்.
காற்றாலை அத்தனையும் சுற்றுகிறது,
வள்ளியூரில் கரண்ட் இல்லை.
ஊருக்கெல்லாம் மின்சாரம் அரைக்கிற றெக்கைகளுக்குக் கீழே
ஆஸ்பத்திரி மருந்துக் கடையின் குட்டி பிரிட்ஜ்
ராத்திரி முழுக்க வியர்த்துக் கிடந்தது.

காலையில் வந்தேன்.
சுவர் அட்டையில்
நேற்றைய நாலுக்குக் கீழே
இன்றைய நாலு டிகிரியை எழுதினேன்.
கதவைத் திறக்கவில்லை.
எனக்கு முன்னால் இருந்தவரும் நாலுதான் எழுதினார்,
அவருடையது கொஞ்சம் சாய்ந்திருக்கும்.
என் நாலு நிமிர்ந்து நிற்கும்.

சுடலைவடிவுக்கு ஆண்பிள்ளை,
மத்தியானம் ரெண்டு பதினஞ்சுக்கு.
ரத்தம் நிற்கவில்லை.
டாக்டர் எப்சிபா ஊசி கேட்டு ஆள் அனுப்பினார்.
நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.
குப்பி குளிரவில்லை என்று
என் விரலுக்குத் தெரிந்தது.
விரல் யாரிடமும் சொல்லவில்லை.
அப்புறம் ரெண்டாவது குப்பி. மூன்றாவது.
பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோகிற வழியில்
நாங்குநேரி தாண்டியதும்
ஆம்புலன்ஸ் சத்தத்தை நிறுத்திவிட்டார்கள்.

ஊசியே போடலை,
போன்ல பேசிக்கிட்டு நின்னா என்று
யாரோ சொன்னார்கள்.
சாயங்காலத்துக்குள்
அதைக் கண்ணால் பார்த்தவர்கள் பதினாறு பேர்.
முன்கண்ணாடி உடைந்தது, தராசு உடைந்தது,
பிரசவ அறையின் பச்சைத் திரை
ரோட்டில் கிடந்தது.
கல் எறிந்தவர்களில் சுடலைவடிவின் புருசன் இல்லை.
அவன் வேப்பமரத்தடியில்
பிள்ளைக்கு வாங்கிய துண்டை
மடித்து, பிரித்து, மடித்துக்கொண்டிருந்தான்.

மருந்து நல்ல மருந்து.
போட்டிருந்தால் நின்றிருக்கும்.
நிற்கவில்லை, ஆகவே போடவில்லை.
வக்கீல் இவ்வளவுதான் சொன்னார்.
மருந்து நல்லது என்பதற்கு
என் முப்பத்தோரு நாலுகளைத் தூக்கிக் காட்டினார்.

அரசுத் தரப்பு ஏழாம் சாட்சி, சுயம்புலிங்கம்.
தினமும் பார்த்துத்தான் எழுதினீரா?
ஆமா.
சத்தமாச் சொல்லும்.
ஆமாய்யா.

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை.
அட்டையைப் பார்த்தார்,
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மாதிரி
தலையைச் சாய்த்து.

கொக்கிரகுளம் பெண்கள் சிறையில் பதினோரு மாதம்.
அந்த வழியாக பஸ்ஸில் போனால்
சிறைச்சுவர்ப் பக்கத்து சீட்டில் உட்காரமாட்டேன்.
வெயில் என்பேன்.
மழைக்காலத்திலும் வெயில் என்பேன்.

பிற்பாடு மதுரையில் விட்டார்கள்,
சந்தேகத்தின் பலனை அவருக்கு அளித்து.
குற்றமே செய்யாதவர் என்று
தீர்ப்பில் எந்த வரியிலும் இல்லையாம்.
சந்தேகம் பழுத்த பழம் ஒன்று.
அதைத்தான் கையில் கொடுத்தனுப்பினார்கள்.
ஊர் அதையும் முகர்ந்து பார்த்தது.

இந்தப் புரட்டாசியில் மகளுக்குக் காய்ச்சல்.
ஞாயிற்றுக்கிழமை, வேறு எங்கேயும் திறந்திருக்கவில்லை.
கள்ளிகுளத்தில் ஒற்றை அறை,
மர பெஞ்சு, இருபது ரூபாய்.
படியேறுகிறவரை
அவர் இருக்கக்கூடாது என்றே வேண்டிக்கொண்டேன்.

இருந்தார். தலை நரைத்திருந்தது.
தெர்மாமீட்டரை உதறி
பிள்ளையின் அக்குளில் வைத்தார்.
எடுத்து என்னிடம் நீட்டினார்.
எனக்குக் கண்ணு தெளியல,
நீங்க பாத்துச் சொல்லுங்க.

டியூப்லைட்டுப் பக்கம் திருப்பினேன்.
பாதரசம் ஒளிந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன்.
நூத்தி ரெண்டு, என்றேன்.
நல்லாப் பாத்தீங்களா?
மறுபடி பார்த்தேன்.
நூத்தி ரெண்டரை.

எழுதினார்.
மாத்திரை, அரை அரையாக மூன்று வேளை.
பிள்ளை பெயரை அவளிடமே கேட்டு எழுதினார்.
தகப்பன் பெயரை
யாரிடமும் கேட்கவில்லை.
அதிலே ஒரு எழுத்துப் பிழையும் இல்லை.