பக்கம் பதினேழு

உலான்பாட்டரில் ஜனவரி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ஜன்னலுக்கு உட்புறமும் பனி பிடித்திருக்கிறது.
மூன்றாம் மாடி, நான்கு மேசை, ஒரே ஹீட்டர்.
ஹீட்டரை ஒட்டிய மேசை
பிழைதிருத்தும் செல்மெக்குக்கு.
அதுவும் சம்பளத்தில் சேர்த்தி.

சிறுவருக்கான பைபிள் கதைகள், முப்பத்திரண்டு பக்கம்.
இந்த முறை ஓவியர் இல்லை; காசில்லை.
ஐந்து நாள் பயிற்சிக்குப் போய்வந்த நான்
சான்றிதழைச் சுவரில் ஒட்டிவிட்டு
இயந்திரத்திடம் கேட்டேன்:
புல்வெளி, தொண்ணூற்றொன்பது செம்மறிகள்,
தொலைந்த ஒன்றைத் தேடிப் போகும் மேய்ப்பன்.

பன்னிரண்டு விநாடி.
என்ன வெளிச்சம், என்ன மேகம்!
கம்பளியின் ஒவ்வொரு சுருளும் தனித்தனியாய்.
பதிப்பாசிரியர் முங்க்ஜின்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.
"அச்சுக்கு அனுப்பிவிடு."

செல்மெக் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.
பிறகு தாளின்மேல் குனிந்து
ஒவ்வொரு முதுகிலும் ஒரு புள்ளி வைத்தாள்.
உப்புப் போட்ட பால்தேநீர்
ஏடு கட்டும்வரை வைத்தாள்.
"தொண்ணூற்றாறு" என்றாள்.

மறுபடி கேட்டேன்.
மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நூற்று மூன்று தந்தது.
மேலும் மன்னிப்புக் கேட்டு எண்பத்தெட்டு;
அதில் ஒன்றுக்கு ஐந்து கால்.
"இது தொலையாது" என்றாள்,
"தடமே காட்டிக் கொடுத்துவிடும்."
பிறகு,
"கொழுத்த வால் எங்கே? எந்த ஊர்ச் செம்மறி இது?
இந்த வெளியில் ஆடு தேடிப் போகிறவன்
நடந்தா போவான்? குதிரை எங்கே?"

மூன்று ஆட்டுக்கு
யார் கணக்குப் பார்க்கப் போகிறார்கள்
என்று நான் கேட்டிருக்கக் கூடாது.
"எண்ணத் தெரிந்த குழந்தை
ஒன்று போதும்" என்றாள்.
"பதினேழாம் பக்கத்தில் நாம் சொன்னது பொய்யானால்
பதினெட்டாம் பக்கத்தை
எதற்காகத் திருப்பும்?"

நான்கு இரவு.
மூலையில் நின்றதை நகலெடுத்து,
திருப்பி, முகத்தை மாற்றி,
இரட்டைப் பிறவி என்று தெரியாதபடி மந்தைக்குள் விட்டேன்.
ஒவ்வொன்றாய் வால் கொழுக்க வைத்தேன்.
மேய்ப்பனைக் குதிரையில் ஏற்றினேன்,
சேணத்தைக் கையாலேயே வரைந்து.
திரையில் பசேலென்று கிடந்த புல்
அச்சு நிறத்துக்கு மாற்றியதும் வாடிப்போனது;
மஞ்சளை ஆறு விழுக்காடு கூட்டிப் பிழைக்க வைத்தேன்.
சான்றிதழ் சுவரிலிருந்து
ஒருமுறை கழன்று விழுந்தது.
எடுத்து ஒட்ட நேரமில்லை.

தொண்ணூற்றொன்பது. செல்மெக் தலையசைத்தாள்.
மாதிரிப் பிரதி
அர்ஹாங்காய் மேய்ப்பர்களுக்குக் கைபேசியில் போனது.

மலையேறினால்தான் அங்கே சிக்னல்.
மூன்றாம் நாள் வந்தது டோல்கோர்சுரேனின் குரல்,
பாதி காற்று, பாதி அவர்:
"எண்ணவில்லை. எண்ணுகிற வழக்கம் எங்களுக்கில்லை,
முகம் பார்ப்போம்.
எல்லாம் சரி. குதிரையும் நல்ல குதிரை.
இடப்பக்கம், பாறையோரம் நிற்கிறதே,
அது செம்மறியில்லை. வெள்ளாடு."

ஹீட்டர் முனகுவது மட்டும் கேட்டது.
முங்க்ஜின் மெல்ல,
"இடப்பக்கமா?" என்றார்.
வலத்தே செம்மறி, இடத்தே வெள்ளாடு என
நாள் குறித்துப் பிரிக்கப்படும் அந்த இன்னொரு கதையை
போன வருடம்தான் மெய்ப்புப் பார்த்தோம்.
சிரிப்பை அடக்கப் பார்த்து
அவருக்கு இருமல் வந்துவிட்டது.

செய்தியில் இன்னும் சில விநாடி மிச்சம் இருந்தது.
"எடுத்துவிடாதீர்கள். எங்களிடம்
இரண்டும் ஒன்றாய்த்தான் மேய்கின்றன.
முன்னால் போக வெள்ளாடு இல்லாவிட்டால்
செம்மறி நின்ற இடத்திலேயே நிற்கும்."

எடுக்கவில்லை.
"அப்படியானால்" என்றாள் செல்மெக்,
பென்சிலை மறுபடி சீவியபடி,
"செம்மறி தொண்ணூற்றெட்டு."

கோப்பைத் திறந்தேன்.
வெள்ளாட்டைத் தொடாமல்
பாறைக்குப் பின்னால்
ஒரு காதும்
பாதி வாலும் வைத்தேன்.

அவள் வெகுநேரம் பார்த்தாள்.
காதின்மேல்
ஒரு புள்ளி வைத்தாள்.