கெட்டு

பைபாஸ் ரோட்டில் பம்புசெட் கடை மாடி.
பதினாறு நாற்காலி, பதினாறு ஹெட்போன், ஒரு ஏசி,
அதுவும் ஜெபசிங் சார் உட்காரும் பக்கம்.
மிஷின் கேட்டு எழுதும்.
அது எழுதியதை நாங்கள் கேட்டுத் திருத்துவோம்.
துண்டுக்கு அறுபது பைசா.

செய்தி வாசிப்பவர் பேச்சென்றால்
ஒரு ஒற்றுகூட அதற்குத் தப்பாது.
நம்ம ஊர்க்காரர் வாயைத் திறந்தால்தான் திணறும்.
'அவிய வந்தாவ' என்று யாரோ சொல்ல
'அவியல் வந்தது' என்று எழுதிவைத்தது ஒருநாள்.
'ஏட்டி, நில்லு' என்றதற்கு ஏட்டு நின்றார்.
'வாரியலால சாத்துவேன்' என்று எவளோ எவனையோ வைய
'வாரியத்தால் சாத்துவேன்' என்றது.
கரண்ட் பில்லைப் பார்த்தால் அதுவும் சரிதாம்டி என்றாள்
மேலப்பாளையத்து பரக்கத் நிஷா.
சிரித்த சிரிப்பில் ஜெபசிங் சார் ஏசியைக் கூட்டினார்.

சுவரில் ஒட்டியிருக்கும்:
கேட்டதைக் கேட்டபடி எழுது.
இருமலை எழுதாதே.
ரெண்டு நொடிக்குக் குறைந்த மௌனத்தை எழுதாதே.
பேசுவது யாரென்று யோசிக்காதே என்பது சுவரில் இல்லை.
சேர்ந்த அன்றைக்குக் கையெழுத்துப் போட்ட தாளில் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை, சோத்துக்கு முந்தி,
பதினோரு நொடித் துண்டு ஒன்று.
கடன் கம்பெனி அழைப்பு. கேட்டவன் குரலை
வெட்டிவிட்டிருந்தார்கள்.
மிச்சம் ஒரு பொம்பளை:
'சார்… வார வெள்ளிக்கெழம கெட்டிருதேன்.'
மிஷின் எழுதியிருந்தது:
'சார், வாரம் வெள்ளிக்கிழமை கெட்டிருந்தேன்.'

பின்னால் பீடி இலை நறுக்கும் கத்திரிச் சத்தம்.
அதற்கும் பின்னால், மணிக்கொரு தடவை
குருவி கத்துகிற கடிகாரம்.
முக்கூடலில் பால் காய்ச்சினபோது
நான் வாங்கிக் கொடுத்தது.
முப்பிடாதி மதினி.

எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.
அண்ணனுக்குத் தெரியுமா, தெரியாது.
மூன்று தடவைக்கு மேல் கேட்டால் கணக்கில் ஏறும்.
ஐந்து தடவை கேட்டேன்.
'சார்' என்பதற்கும் 'வார' என்பதற்கும் நடுவில்
ஒண்ணே முக்கால் நொடி.
எழுத வேண்டியதில்லை.

எங்கள் பக்கம் கடனையும் கெட்டுவோம், தாலியும் கெட்டுவோம்.
மதினி எண்ணி எண்ணி நூல் சுற்றுகிற பீடியும் கெட்டுதான்.
ராத்திரி வெளியில் வைத்த பாலும்
விடியும்போது அதுதான்.
மிஷினுக்கு ஒரு இடத்தில் ஒரு சொல்லைத்தான் தெரியும்.
அது பிடித்துக்கொண்ட சொல்லைக்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தப்பென்று சொல்ல
எனக்கு என்ன கூலி?

'வாரம்' என்பதில் ஒரு 'ம்'மை எடுத்தேன்.
'கெட்டிருந்தேன்' என்பதில் ஒரு 'ந்'தை.
அவ்வளவுதான் திருத்தம்.
அறுபது பைசா ஏறியது.
இனி எந்த மதினி சொன்னாலும் அதற்குப் புரியும்.
தேதியைக் குறித்துக்கொள்ளும்.
வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு,
அடுப்பில் உலை கொதிக்கும்போது,
மரியாதையாக
அதுவே கூப்பிடும்.
நம்ம பேச்சிலேயே கூப்பிட்டாலும் கூப்பிடும்.

சாயங்காலம் பேட்டை பஸ்ஸில் நிற்கும்போது
மதினியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ்.
'சாப்ட்டியாட்டி? ஞாயித்துக்கெழம வா,
சாளை வாங்கி வைக்கேன்.'
குரலில் ஒன்றுமே இல்லை.
இத்தனை வருசமாக இப்படித்தான் இருந்ததோ என்று
முதல்முறையாக யோசித்தேன், வேலைக்காரியாக.

மைக்கை அழுத்தினேன்.
'ம்' என்றேன்.
கண்டக்டர் விசில் அடித்தார்.
யாரோ சில்லறை இல்லை என்றார்கள்.
'வாரேன் மதினி.'

அனுப்பிய பிறகு நானே போட்டுக் கேட்டேன்.
நடுவில் மூன்று நொடி.
சுவரில் இருக்கிறபடி பார்த்தால்
எழுத வேண்டிய அளவு.

மதினி கேட்டுவிட்டு
ஒரு மஞ்சள் கட்டைவிரலை அனுப்பினாள்.