மூன்று மேடுகள்

முதலில் நிலாவைத்தான் சந்தேகித்தோம்.
அது மறைந்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தது.
பிறகு பள்ளத்தாக்கின் தெருவிளக்குகளை.
பிறகு காப்பிக் கெட்டிலின் சிவப்புப் பொட்டை,
அதன்மேல் கறுப்பு நாடா ஒட்டி
இரண்டு வருடமாகிறது.

குன்றின் மேலிட்ட விளக்கு
இந்தக் குன்றில் குற்றம்.
தண்ணீர் லாரிகள் கடைசி வளைவில்
முகப்பு விளக்கை அணைத்துவிட்டு
நடை வேகத்தில் ஊர்ந்து வரும்.
நிபால்டோ சிகரெட்டை
உள்ளங்கைக்குள் கவிழ்த்துப் பிடித்துத்தான் புகைப்பான்.
சிலி நாட்டின் வடக்கே, எங்கள் மலையில்,
இருட்டுதான் விளைச்சல்.

ஹில்கே மூன்று விமானம் மாறி வந்திருந்தாள்
க்ரோனிங்கனிலிருந்து,
பெயரில்லாத, எண் மட்டுமே உள்ள
ஒரு மங்கல் விண்மீன் மண்டலத்துக்காக.
அவளுக்குத் தந்தது ஐந்து இரவுகள்.
இரண்டு வீணாகிவிட்டன.
மூன்றாவதில் நிறமாலை திரையில் விரிந்ததும்
நாற்காலியை முன்னே இழுத்தாள்.

மூன்று மேடுகள்.
நீலத்தில் ஒன்று, பச்சையில் ஒன்று, சிவப்பில் ஒன்று.
வழவழவென்று, கடையில் வாங்கியது போல.
"எந்த விண்மீனும் இப்படி எரியாது," என்றாள்.
"இது யாரோ செய்து விற்ற வெளிச்சம்."

அப்புறம் யாரும் பேசவில்லை.
குவிமாடத்துக்குள் தடவித் தடவி ஏறினோம்.
கைப்பிடிக் கம்பியில் ஒரு மேலங்கி,
திரவ நைட்ரஜன் ஊற்றப் போனவள்
கழற்றி மாட்டியது.
போனவள் நான்தான்.
வலைப்பைக்குள் என் கைபேசி.
தூங்குகிறது என்று நினைத்திருந்தேன்.
கண்ணைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறது:
3:12.
எழுபத்தொரு சதவீதம்.
ஒரு சின்னஞ்சிறு கடித உறை.

போன வாரம் ஏதோ புதுப்பிப்பு கேட்டது,
சரி சரி என்று தட்டியது நினைவிருக்கிறது.
எதற்கெல்லாம் சரி என்றேன் என்பது நினைவில்லை.

தாழ்வாரத்தில் குந்தி
சட்டைக்குள் தலையை விட்டுக்கொண்டு
அமைப்புகளைத் திறந்தேன்.
பூட்டுத்திரை, அதற்குள் இன்னொரு கதவு,
அதற்குள் ஒரு கேள்வி:
எப்போது காட்ட வேண்டும்?
எப்போதும்.
தட்டினால் பத்து நொடி.
அறிவிப்பு வந்தால் மட்டும்.
அட்டவணைப்படி.

கடிகாரம் நிமிடத்துக்கு ஒரு மயிரிழை
நகர்ந்துகொண்டே இருந்தது.
ஒரே இடத்தில் நின்றால்
திரையில் தழும்பு விழுந்துவிடுமாம்.
"நானும் அதற்குத்தான் மூன்று ஊர் மாறினேன்,"
என்றான் நிபால்டோ, என் தோளுக்கு மேலே.

இரவு பதினொன்று முதல் காலை ஏழு வரை
அணைத்து வைக்கட்டுமா என்று
அதுவாகவே யோசனை சொன்னது.
இரவென்றால் உறக்கம் என்று
யாரோ அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.
காலை ஏழுக்கு நான் திரைச்சீலையில்
துணிக் கவ்வி மாட்டிக்கொண்டிருப்பேன்.
பகலில் எனக்கு வெளிச்சம் ஆகாது.
இரவில் என் வெளிச்சம் யாருக்கும் ஆகாது.
கழித்துப் பார்த்தால் மிஞ்சியது
மாலை ஐந்து முதல் ஏழு வரை.
அவரைக் கஞ்சியும் ரொட்டியும் சாப்பிடும் நேரம்.
அதையே போட்டேன்.
அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பக்கத்தில்
இன்னமும் எழுதியிருக்கிறது:
எப்போதும் ஒளிரும் திரை.

உறைக்குள் இருந்தது கோப்பியாப்போவிலிருந்து,
என் அக்கா ஒரியெட்டா.
"இஸ்மேனியா, முழித்திருக்கிறாயா?"
அனுப்பியது 1:40க்கு.
அவளும் ஏன் முழித்திருந்தாள் என்று
அங்கேயே நின்று கேட்க முடியாது.

ஹில்கே திட்டவில்லை.
கெட்டுப்போன கோப்பை அழிக்கவும் இல்லை,
என் பெயரைப் போட்டுச் சேமித்துக்கொண்டாள்.
பிறகு மறுபடி திறந்தோம்,
நாற்பது நிமிடம்.
மேடுகள் போய்விட்டன.
இரைச்சலுக்கு நடுவே
விரலால் அழுத்தியது போல ஒரு பள்ளம்.

"இதுதானா?" என்றேன்.
"இதுதான்," என்றாள்.

கை தானாகப் பைக்குள் போனது,
மணி என்ன என்று பார்க்க.
கறுப்பு.