தங்க உறுப்பினர்

சாத்தான்குளம் தாண்டி நாலைந்து உடைமரத்துக்குப் பிறகு
ரோட்டோரம் சிவக்கிறது.
போனில் வரைபடம் காட்டுவது வெறும் பழுப்பு,
அதன் நடுவில் ஒரு நீலப் பொட்டு.
நீச்சல் குளமாம்.

"வெல்கம் பேக், மிஸ்டர் ஜெபக்கனி" என்றான் மேசைப் பையன்.
நான் மிஸ்டரும் இல்லை,
இதற்குமுன் இங்கே வந்ததும் இல்லை.
கம்ப்யூட்டருக்கு நாக்பூரும் தேரிக்காடும் ஒரே வாசல்.

மூன்று வருஷம், நூற்றுத் தொண்ணூறு இரவு,
நசுங்கிய லாரிகளை அளந்து நஷ்டம் எழுதிவிட்டு
விஜயவாடாவில், ஹூப்ளியில், ஓசூரில்
தனியே படுத்துச் சேர்த்த புள்ளிகள்
நாசரேத் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்தில்
ஒரு ராத்திரியாக மாறுகின்றன.
அதற்குமேல் தூரமென்றால்
ஆசீர் கடையைப் பூட்டமாட்டார்.

"தங்க உறுப்பினர்னா
தங்கத்துல செஞ்சதா, தங்குறதுக்கா?"
அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.
ஜெராக்ஸ் கடைக்காரர்.
எந்தத் தாளையும் பின்பக்கம் பார்க்காமல் விடமாட்டார்.

ஒயின் கிளாஸில் பதநீர், மேலே ஒரு காகிதக் குடை.
குடையை மடக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அறைகளுக்குத் திணைப் பெயர்.
மலையில்லாத குறிஞ்சி, கடல் தெரியாத நெய்தல்.
"உங்களைப் பாலைக்கு உயர்த்தியிருக்கோம் மேடம், இலவசமா"
என்றான் பையன், பல்லெல்லாம் தெரிய.
பாலைக்குப் போய் ரொம்ப நாளாச்சு தம்பி
என்று நான் சொல்லவில்லை.

சாவி அட்டையை எங்கே சொருக,
வெந்நீருக்கு எந்தப் பக்கம் திருக,
இருட்டில் எந்த ஸ்விட்ச் எதை அணைக்கும்,
எல்லாம் என் கைக்குத் தெரியும்.
அவர் கண்ணாடிக் கதவில் நெற்றியை இடித்துக்கொண்டார்.
தடவிக்கொண்டே,
"ஒனக்கு இது வீடு மாதில்லா இருக்கு" என்றார்.
பாராட்டுதான்.
பாராட்டாகத்தான் இருக்கணும்.

ராத்திரி மணல் நகரும் ஓசை கேட்கும் என்று
விளம்பரத்தில் போட்டிருந்தான்.
கேட்டது ஏசி.
இரண்டு மணிக்கு முழிப்புத் தட்டியது.
எந்த ஊர்? கதவு எந்தப் பக்கம்?
காலையில் எந்த லாரி?
கட்டிலின் நட்டநடுவில் நான்.
ஓரத்தில், ஒருச்சாய்ந்து, ஒரு முழ அகலத்தில் ஆசீர்,
கண்ணைத் திறந்தபடி.

"என்ன, ஒறங்கலையா?"
"நீ நடுவுல படுக்க."
"எழுப்பிச் சொல்ல வேண்டியதுதான?"
"எப்பருந்துன்னு யோசிச்சிட்டுக் கெடக்கேன்."

நகர்ந்தேன். அவரும் நகர்ந்தார்.
ராஜா அளவுக் கட்டில்.
நடுவில் இன்னும் ஒரு ஆள் படுக்கலாம்.
கொஞ்ச நேரம் கழித்து அவர் கை வந்தது,
முதலில் தலையணையைத்தான் தொட்டது.

விடிந்தபோது கதவுக்கு அடியில் செம்மண்
நாக்கு நீட்டி உள்ளே வந்திருந்தது.
பிரம்மசக்தி, வாசல் கூட்டுகிறவள், நிமிராமல் சொன்னாள்:
"நேத்து வாரிக் கொட்டுன மண்ணுதாங்க்கா.
ஆடி முடியுறமட்டும் சோலிக்குக் கொறைவில்ல.
இந்த ரூமு ராத்திரிக்கு எம்புட்டு?"
இலவசம் என்றேன்.
நம்பவில்லை.
"எங்களுக்கும் பொங்கலுக்கு ஒரு எவர்சில்வர் தட்டு குடுப்பாவ"
என்றபடி என் காலடியைச் சுற்றிக் கூட்டினாள்.

பில்லில் சைபர்.
"ஒரு விஷயம் மேடம், ஸாரி,
இலவச இரவுக்குப் புள்ளி சேராது.
இந்த ஸ்டே உங்க கணக்குல வராது."
பரவாயில்லை என்றேன்.
அவன் இன்னொரு தரம் ஸாரி சொன்னான்.

ஆசீர் பில்லைத் திருப்பினார். பின்பக்கம் வெள்ளை.
நாலாய் மடித்துக் குடையோடு வைத்துக்கொண்டார்.

"அடுத்தாப்புல எங்க?"
"ராய்ச்சூர். செவ்வாக்கெழம."
"எத்தன நாளு?"
சொன்னேன்.
காருக்குள் மிதியடியெல்லாம் சிவப்பு.
நிறுத்தித் தட்டிருவோமா என்று கேட்டார்.
ஊர் வரட்டும் என்றேன்.